முதலாம் இராஜராஜ சோழன்

முதலாம் இராஜராஜ சோழன் (ஆட்சிக்காலம்: கி.பி. 985 - 1014) இடைக்காலச் சோழப் பேரரசின் புகழ்பெற்ற மன்னர்களுள் ஒருவன் ஆவான். இவனது இயற்பெயர் அருள்மொழிவர்மன் என்பதாகும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டியவன் என்ற வகையில் பொதுமக்களிடையே பெரிதும் அறியப்படும் இம்மன்னன், தன் ஆணைகளையும் கொடைகளையும் விரிவாகப் பதிவு செய்து வைத்தமையால் வரலாற்றாய்வாளர்களிடையே தனியிடம் பெறுகின்றான். கல்லிலும் செப்பேட்டிலும் இவன் காலத்தில் எழுதப்பட்ட ஆவணங்கள் சோழ அரசின் வரி, நில அளவை, ஊராட்சி, கோயில் நிர்வாகம் ஆகியவற்றை அறிய முதன்மையான சான்றுகளாக விளங்குகின்றன. அவை அரச அதிகாரம் எவ்வாறு நிலைநாட்டப்பட்டது என்பதையும் காட்டுகின்றன.

பிறப்பும் இளமையும்

இராஜராஜன், சுந்தர சோழன் எனப்பட்ட இரண்டாம் பராந்தகனுக்கும் மலையமான் குலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவிக்கும் மகனாகப் பிறந்தான். இவனது பிறந்த விண்மீன் சதயம் ஆகும். அந்நாளில் கோயில்களில் விழா எடுக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. இவனது தமையன் ஆதித்த கரிகாலன், தமக்கை குந்தவை. குந்தவை வல்லவரையன் வந்தியத்தேவனை மணந்தவள். தமக்கையிடம் இராஜராஜன் கொண்டிருந்த மதிப்பு, அவளுடைய கொடைகளுக்குத் தன் கொடைகளை அடுத்த இடத்தை அளித்துப் பொறிக்கச் செய்ததிலிருந்து புலனாகின்றது.

சோழநாடு அக்காலத்தில் நல்ல நிலையில் இருக்கவில்லை. கி.பி. 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரிடம் அடைந்த தோல்வியால் தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. சுந்தர சோழன் காலத்தில் இழந்த பகுதிகள் படிப்படியாக மீட்கப்பட்டன. பாண்டியருடன் நடந்த போரில் வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் என்று ஆதித்த கரிகாலன் புகழப்பட்டான். ஆயினும் பட்டத்திற்குரிய அவ்விளவரசன், தந்தை உயிரோடிருந்தபோதே கொலை செய்யப்பட்டான்.

அதன் பின்னர் அரியணை அருள்மொழிவர்மனுக்கு வரவில்லை. கண்டராதித்தரின் மகனும் சுந்தர சோழனுக்கு உறவினனுமான உத்தம சோழன் அரசனானான். குடிமக்கள் அருள்மொழிவர்மனையே அரசனாக்க விரும்பினர் என்றும், தன் சிற்றப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும் வரை தான் அதனை மனத்தாலும் நாடுவதில்லை என்று அவன் மறுத்தான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இச்செப்பேடுகள் இராஜராஜனின் மகனாகிய முதலாம் இராஜேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின், அதே குடும்பத்தின் அரசவையில் எழுதப்பட்ட செய்தி இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளிப்பதே அவ்வாவணத்தின் நோக்கம். ஓர் ஊரைக் கொடையளிக்கும் ஆவணம் அரசகுலத்தின் வரலாற்றைச் சொல்லித் தொடங்குவது அக்கால மரபாகும்.

உடையார்குடிக் கல்வெட்டு

கி.பி. 985-இல் இராஜராஜன் அரியணை ஏறினான். இவனது தொடக்க கால ஆவணங்களுள் பெரிதும் விவாதிக்கப்படுவது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டாகும். அது இராசகேசரி என்ற பட்டம் கொண்ட அரசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவ்வரசன் முதலாம் இராஜராஜனே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்தாகும்.

ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை இக்கல்வெட்டு குறிப்பிடுகின்றது. இவர்களுள் இரவிதாசனும் பரமேசுவரனும் பிரமாதிராஜன் என்ற பட்டம் பெற்றவர்கள். அதாவது அரசுப் பணியில் உயர்ந்த நிலையில் இருந்தவர்கள். அவர்களுடைய நிலங்களும், அவர்களோடு உறவுடையோரின் நிலங்களும் பறிமுதல் செய்யப்பட்டு விற்கப்பட வேண்டும் என்று அரசன் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குத் திருமுகம் அனுப்பினான்.

இக்கல்வெட்டு கொலையைப் பற்றிய விசாரணைப் பதிவு அன்று. அவ்வாறு விற்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியை வாங்கிய ஒருவர், அதனைக் கொண்டு கோயிலில் அந்தணர்களுக்கு உணவளிக்க அறக்கட்டளை ஏற்படுத்தினார். அந்நிலம் தம் கைக்கு வந்த வழியை நிறுவும் பொருட்டே பறிமுதல் ஆணை அதில் இடம் பெற்றுள்ளது. சோழ வரலாற்றின் மிகப் பெரிய அரசியல் கொலையைப் பற்றிய முதன்மைச் சான்று, ஒரு நிலத்தின் உரிமைத் தொடர்ச்சியை மெய்ப்பிக்க எழுதப்பட்ட சில வரிகளாக நமக்குக் கிடைத்திருக்கின்றது. கொலைக்கும் இக்கல்வெட்டிற்கும் இடையே ஒன்றரைப் பத்தாண்டிற்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதால், உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கிருந்ததா என்ற ஐயம் எழுந்தது. கே. ஏ. நீலகண்ட சாத்திரி இவ்வையத்தை எழுப்பியவர்களுள் ஒருவர். பறிமுதல் முன்பே தொடங்கியிருக்கலாம் என்றும், கல்வெட்டு விற்பனையின் காலத்தை மட்டுமே காட்டுகின்றது என்றும் பிற ஆய்வாளர்கள் மறுத்துள்ளனர்.

மெய்க்கீர்த்தி

ஒவ்வொரு கல்வெட்டின் தொடக்கத்திலும் அரசனின் வெற்றிகளை ஒரே வடிவான செய்யுளில் தமிழில் பொறிக்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவன் இராஜராஜனே ஆவான். இது மெய்க்கீர்த்தி எனப்படும். இவனுக்கு முந்தைய சோழர்களின் கல்வெட்டுகளில் மதுரை கொண்டவன், பாண்டியன் தலை கொண்டவன் என்பன போன்ற சுருக்கமான அடைமொழிகளே காணப்படுகின்றன. நீண்ட புகழுரைகள் பெரும்பாலும் செப்பேடுகளில் மட்டும் இடம் பெற்றன. செப்பேடோ கொடை பெற்றவரின் கைக்குள் இருப்பது. கோயிற்சுவரோ ஊரார் நாள்தோறும் காண்பது.

இராஜராஜனின் 4-ஆம் ஆட்சியாண்டு முதல் காந்தளூர்ச் சாலை வெற்றி அடைமொழியாக வருகின்றது. ஏறத்தாழ 8-ஆம் ஆட்சியாண்டு முதல் முழு மெய்க்கீர்த்தி காணப்படுகின்றது. அது திருமகளோடு நிலமகளும் அரசனுக்கு உரியவளானாள் என்ற கருத்துடன் தொடங்கி, அவன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்துகின்றது. புதிய வெற்றி கிட்டியதும் அந்நாட்டின் பெயர் மெய்க்கீர்த்தியில் சேர்க்கப்பட்டது. ஆகவே ஆட்சியாண்டு அழிந்துபோன கல்வெட்டுகளின் காலத்தையும், அவற்றில் உள்ள நாடுகளின் பட்டியலைக் கொண்டு ஓரளவு கணிக்க இயலுகின்றது.

இம்மாற்றத்தின் விளைவை எளிதாக விளக்கலாம். ஒரு சிற்றூரில் ஒரு விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்த செய்தியைப் பொறித்தாலும், அதன் முன்னால் அரசனின் வெற்றிகள் இடம் பெற்றன. அரசனை ஒருபோதும் நேரில் காணாத ஊர்களிலும் அவனுடைய பெயரும் ஆட்சியாண்டும் எல்லா உரிமைகளுக்கும் முகப்பாயின. இவனுக்குப் பின் வந்த சோழர்களும் பிற்காலப் பாண்டியர்களும் இம்முறையைப் பின்பற்றினர்.

போர்கள்

மெய்க்கீர்த்தியின்படி காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, குடமலைநாடு, கொல்லம், கலிங்கம், ஈழமண்டலம், இரட்டபாடி ஏழரை இலக்கம், முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் ஆகியவை இராஜராஜனால் வெல்லப்பட்டன. கடைசியாகக் கூறப்பட்டது மாலைத்தீவுகளைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகின்றது. காந்தளூரில் கலம் அறுத்தல் என்பதற்குக் கப்பல்களை அழித்தல் என்றும், சாலையில் உணவளிக்கும் முறையை ஒழுங்குபடுத்துதல் என்றும் இருவேறு பொருள்கள் கூறப்படுகின்றன.

வெற்றி கொண்ட பகுதிகளுக்கு அரசனின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஈழம் மும்முடிச்சோழ மண்டலம் என்றும், தொண்டை நாடு செயங்கொண்ட சோழ மண்டலம் என்றும் பெயர் பெற்றன. பொலன்னறுவை சனநாதமங்கலம் எனவும், மாதோட்டம் இராஜராஜபுரம் எனவும் வழங்கப்பட்டன. மாதோட்டத்தில் தாழி குமரன் என்னும் சோழ அதிகாரி இராஜராஜேசுவரம் என்ற கோயிலை எடுப்பித்தான். ஈழத்திலிருந்த சில ஊர்களின் வருவாய் தஞ்சைக் கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டது. நெல், காசு ஆகியவற்றோடு இலுப்பை எண்ணெயும் அவ்வூர்கள் கடல்கடந்து அனுப்ப வேண்டியிருந்தது. வென்ற நாட்டின் விளைச்சலை வேறொரு நாட்டுக் கோயிலுக்கு உரிமையாக்கும் இத்தகைய ஆவணங்கள், படையெடுப்பின் சுமையை யார் தாங்கினர் என்பதையும் காட்டுகின்றன.

நில அளவை

கி.பி. 1001-ஐ ஒட்டிச் சோழநாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. இப்பணியை நடத்திய குரவன் என்னும் படைத்தலைவன் உலகளந்தான் என்ற சிறப்புப் பெயரும் இராஜராஜ மாராயன் என்ற பட்டமும் பெற்றான். வளநாடுகளாக நாட்டைப் பிரித்து, அவற்றிற்கு அரசனின் பட்டப்பெயர்களைச் சூட்டியதும் இக்காலத்தை ஒட்டியே நிகழ்ந்தது.

அளவையின் நுட்பம் வியப்பிற்குரியது. வேலி என்பது அடிப்படை அளவு. அதில் 20-இல் ஒரு பங்கு மா. 80-இல் ஒரு பங்கு காணி. 320-இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரிக்குக் கீழ்ப்பட்ட அளவுகளைக் குறிக்கக் கீழ் என்ற சொல்லை முன்னொட்டாகச் சேர்த்தனர். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் அளவு 320-இல் ஒரு பங்காகக் குறையும். இம்முறையில் ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை தஞ்சைக் கல்வெட்டுகளில் கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வளவு சிறிய நிலத்தை எவரும் கயிறு பிடித்து அளந்திருக்க முடியாது. பெரிய பரப்பிலிருந்து வரி நீங்கிய நிலங்களைக் கழிக்கும்போது எஞ்சிய பின்னங்களைக் கணக்கர்கள் விடாமல் எழுதியதன் விளைவே இது.

ஓர் ஊரில் வரிக்கு உட்படாத பகுதிகள் முதலில் கழிக்கப்பட்டன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாளச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலியவை இவற்றுள் அடங்கும். எஞ்சிய நிலத்திற்கே காணிக்கடன் என்னும் நெல் வரி விதிக்கப்பட்டது. இக்கழிவுப் பட்டியல்கள் இன்று பதினோராம் நூற்றாண்டு ஊர்களின் அமைப்பையும், அவற்றில் நிலவிய தீண்டாமைப் பிரிவினையையும் அறிய உதவுகின்றன.

ஆணை ஆவணமாகும் முறை

சோழ அரசனின் கொடை அவன் வாய்மொழியில் தொடங்குகின்றது. இதற்குத் திருவாய்க் கேள்வி என்று பெயர். அரசன் கூறியதைத் திருமந்திர ஓலை எழுதுவோன் ஓலையில் எழுதுவான். திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேலதிகாரிகள் அதனைச் சரிபார்த்து ஒப்பமிடுவர். பின்னர் அது புரவுவரித் திணைக்களம் என்னும் வரித்துறைக்குச் செல்லும். அங்கு வரிப்பொத்தகம் எனப்படும் பதிவேட்டில் அந்நிலத்தின் பழைய பதிவு மாற்றப்பட்டு, புதிய நிலை எழுதப்படும். இதனை வரியிலிடுதல் என்பர். இப்பதிவின்போது உடனிருந்த அதிகாரிகள் பலரின் பெயர்களும் குறிக்கப்படும்.

அதன்பின் நாட்டார்க்கும் ஊரார்க்கும் திருமுகம் அனுப்பப்படும். அவர்கள் எதிர்சென்று வணங்கி, அதனைத் தலைமேல் ஏற்றுக்கொள்வர். பின்னர்ப் பெண்யானை ஒன்றை நடத்திக் கொடை நிலத்தின் எல்லைகளைச் சுற்றி வருவர். இது பிடி சூழ்தல் எனப்படும். எல்லையில் கல் நாட்டுவதும் கள்ளி நடுவதும் வழக்கம். இவை முடிந்ததும் ஊரார் அறவோலை எழுதி ஒப்பமிட்டு அனுப்புவர். கல்லிலும் செம்பிலும் வெட்டுவது இவை எல்லாவற்றிற்கும் பின்னரே நடைபெறும்.

இம்முறையில் அரசனின் சொல் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அரண்மனை, வரித்துறை, உள்ளூர்ச் சபை ஆகிய மூன்றும் தத்தம் பங்கைச் செய்த பின்னரே கொடை நிறைவெய்தியது. பின்னாளில் ஒருவர் உரிமையை மறுத்தால், அரண்மனை ஓலையையும் வரிப்பொத்தகத்தையும் ஊராரின் அறவோலையையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

ஆனைமங்கலக் கொடை

இம்முறையைத் தெளிவாகக் காட்டும் ஆவணம், ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் லைடன் பெரிய செப்பேடுகள் என்றும் அழைக்கப்படும் தொகுதியாகும். இதில் 21 ஏடுகள் உள்ளன. அவற்றுள் 5 ஏடுகள் சமசுகிருதத்திலும் 16 ஏடுகள் தமிழிலும் எழுதப்பட்டுள்ளன. ஏடுகளைக் கோத்த வளையத்தில் புலி, இரு மீன்கள், வில் ஆகியவை பொறித்த சோழ அரச முத்திரை உள்ளது.

கடாரத்திற்கும் ஸ்ரீவிசயத்திற்கும் அரசனாயிருந்த சைலேந்திர குலத்துச் சூளாமணிவர்மன் பெயரால், நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பப்பட்டது. அவனுடைய மகன் மாறவிசயோத்துங்கவர்மன் காலத்தில் அது நிறைவு பெற்றது. சைவனாகிய இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டின் 92-ஆம் நாளில், தஞ்சை அரண்மனையின் மண்டபம் ஒன்றில் இருந்தபோது, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அவ்விகாரத்திற்கு வழங்கினான். அளந்தபடி 97 வேலியும் சில பின்னங்களுமான நிலத்திலிருந்து 8,943 கலம் நெல்லும் அதற்கு மேற்பட்ட சில்லறை அளவும் ஆண்டுதோறும் விகாரத்திற்குச் சேர வேண்டியதாயிற்று.

தமிழ்ப் பகுதி எல்லைகளை வாய்க்கால் வாய்க்காலாக, வரப்பு வரப்பாக விவரிக்கின்றது. விகாரத்தார் பெற்ற உரிமைகளும் தனித்தனியே கூறப்படுகின்றன. வாய்க்கால் வெட்டிக்கொள்ளுதல், சுட்ட செங்கல்லால் மாளிகை எடுத்தல், தமனகம் முதலியவற்றைப் பயிரிடுதல் ஆகியவை அவற்றுட் சில. அந்நிலத்துப் பனையிலும் தென்னையிலும் கள்ளிறக்க ஏறலாகாது என்ற தடையும் உண்டு. சுற்றியுள்ள ஊர்களின் சபையோரும் ஊராரும் ஒப்பமிட்டுள்ளனர்.

இராஜராஜன் இறந்த பின்னர், அவன் மகன் இராஜேந்திரன் இக்கொடையை நிலையான சாசனமாக்கினான் என்று சமசுகிருதப் பகுதி கூறுகின்றது. இதன் பின்னர் நடந்தவை கருதத்தக்கவை. கி.பி. 1025-ஐ ஒட்டி இராஜேந்திரனின் கடற்படை அதே கடாரத்தின் மீது படையெடுத்து அதன் அரசனைச் சிறைப்பிடித்தது. ஆயினும் நாகப்பட்டினத்து விகாரம் அழிக்கப்படவில்லை. கி.பி. 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளின்படி, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதி செய்தான். இச்செய்தி லைடன் சிறிய செப்பேடுகளில் உள்ளது. அரசர்கள் மாறினர், நட்பு பகையாயிற்று, மீண்டும் நட்பாயிற்று. எழுதிக் கொடுத்த உரிமை அவற்றைக் கடந்து நின்றது.

இவ்விரு தொகுதிகளும் டச்சுக்காரர் காலத்தில் நெதர்லாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைடன் பல்கலைக்கழக நூலகத்தை அடைந்தன. எனவே அவ்வூரின் பெயரால் அறியப்படுகின்றன. விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட, நாகப்பட்டினத்தில் நின்ற பழைய கோபுரம் கி.பி. 1867-இல் இடிக்கப்பட்டது. கட்டடம் மறைந்தது; அதற்கு அளிக்கப்பட்ட ஊரின் எல்லைகள் செம்பில் எஞ்சியுள்ளன.

தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள்

இராஜராஜேசுவரம் எனப்பட்ட தஞ்சைப் பெருங்கோயிலின் விமானம் சுமார் 60 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியில் வைப்பதற்கான செப்புக் குடத்தை அரசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் (கி.பி. 1010) வழங்கினான். 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில், தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்தில் பொறிக்குமாறு ஆணையிட்டான். இவ்வாணையின் பயனாகக் கோயிலின் அடித்தளமும், தூண்களும், திருச்சுற்று மாளிகையும் ஒரு பெரும் கணக்குப் பதிவேடாக மாறின. திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவன் கிருட்டிணன் இராமன் என்னும் மும்முடிச்சோழப் பிரமமாராயன். தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் ஆவான்.

கொடைப் பொருள்களின் எடையும் தரமும் கூறப்படுகின்றன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. நெல்லை அளக்கவும் ஆடவல்லான் என்ற பெயருடைய மரக்கால் பயன்பட்டது. இறைவன் பெயரால் அமைந்த இவ்வளவைகள் அரசு அளவைக்கு ஒத்தவை என்றும் குறிக்கப்பட்டுள்ளன.

கோயிலின் செல்வம் கருவூலத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் காசு கடனாகக் கொடுக்கப்பட்டு, ஆண்டிற்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு (12.5 விழுக்காடு) வட்டி பெறப்பட்டது. ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் வீதம் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன.

பணியாளர் பட்டியல் இவ்வாவணங்களுள் மிகவும் தனித்தன்மை வாய்ந்தது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அளிக்கப்பட்டது என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்கிற்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியைப் பெறலாம். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரை அமர்த்த வேண்டும். திருப்பதியம் பாட 48 பேரும், உடன் வாசிக்க 2 பேரும் அமர்த்தப்பட்டு, நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் பெற்றனர். நட்டுவர், குழலூதுவோர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் முதலியோரும் இடம் பெற்றுள்ளனர்.

பெண்கள் தாமே விரும்பி வந்தனரா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. இடமாற்றம் அரசனின் ஆணையால் நடந்தது என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகின்றது. எனினும் அரசர்களின் பெயர்களே நிலைத்த ஒரு காலத்தில், நானூறு பெண்களின் பெயர்களும் முகவரிகளும் ஆயிரம் ஆண்டுகள் அழியாது கிடைத்திருப்பது அரிய நிகழ்வாகும்.

ஆணையின் வலிமை

அரசன் கொடையளிக்கும்போது வருவாயை இழக்கின்றான். ஆனால் அவ்வருவாய் தனக்கு உரியது என்பதை எல்லோரும் ஏற்கும்படி செய்கின்றான். வரியை நீக்கும் உரிமை, வரியை விதிக்கும் உரிமையிலிருந்தே பிறக்கின்றது. கொடை பெற்றவர்கள் தங்கள் உரிமையைக் காக்க அரசனின் சாசனத்தையே காட்ட வேண்டியிருந்ததால், அவ்வரசகுலத்தின் நிலைபேற்றில் அவர்களுக்கும் அக்கறை ஏற்பட்டது.

கொடுப்பதற்கு மட்டுமன்றி, வாங்குவதற்கும் ஆவணங்கள் பயன்பட்டன. தொண்டை மண்டலத்து உக்கலில் உள்ள 24-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதற்குச் சான்று. அந்தணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில், 16-ஆம் ஆண்டு முதல் 23-ஆம் ஆண்டு வரையிலான வரியை இரண்டாண்டுகளுக்கு மேல் செலுத்தாதவர்களின் நிலங்களை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்று அரசன் ஆணையிட்டான். சமயச் சிறப்புடைய ஊர்களும் இதிலிருந்து விலக்குப் பெறவில்லை. யார், எந்த ஆண்டு வரை செலுத்தினர் என்ற கணக்கு இருந்தாலன்றி இத்தகைய ஆணையை நிறைவேற்ற முடியாது.

பழைய ஆவணங்களைக் காத்த விதமும் குறிப்பிடத்தக்கது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்கும் முன், சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் அனைத்தும் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழைய சுவர் இடிந்தபோதும் அதில் எழுதப்பட்டிருந்த உரிமைகள் இடியவில்லை.

குடும்பமும் இறுதிக் காலமும்

இராஜராஜனுக்குத் தேவியர் பலர் இருந்தனர். தந்திசக்தி விடங்கி என்னும் உலோகமாதேவி பட்டத்தரசியாக விளங்கினாள். திருவையாற்றில் உலோகமாதேவீசுவரத்தை எடுப்பித்தவள் இவளே. இராஜேந்திரனின் தாய் வானவன் மாதேவி என்னும் திரிபுவனமாதேவி ஆவாள். மகள் குந்தவை, வேங்கியின் கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனை மணந்தாள். இம்மணவுறவின் வழியில் வந்தவனே பின்னாளில் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

கி.பி. 1012-இல் இராஜேந்திரன் இளவரசனாக முடிசூட்டப்பட்டு ஆட்சியில் பங்கேற்றான். 29-ஆம் ஆட்சியாண்டில் இராஜராஜன் திருவிசலூரில் துலாபாரமும், உலோகமாதேவி இரணியகர்ப்பமும் செய்தனர். கி.பி. 1014-இல் இராஜராஜன் இறந்தான்.

மறதியும் மீட்பும்

சோழர் ஆட்சி மறைந்த பின், கல்வெட்டுகளின் எழுத்தைப் படிப்போர் அருகினர். தஞ்சைக் கோயிலைக் கட்டியவன் யார் என்பதே மறக்கப்பட்டது. தலபுராணமும் உள்ளூர் மரபும் கரிகால சோழனே அதனைக் கட்டினான் என்று கூறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செருமானிய அறிஞர் ஊல்ட்சு கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து, கட்டியவன் இராஜராஜனே என்பதை நிறுவினார். அக்கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் கி.பி. 1891 முதல் வெளியிடப்பட்டன. கோயில் கி.பி. 1987-இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஆயிரமாவது ஆண்டு நிறைவு கி.பி. 2010-இல் தஞ்சையில் கொண்டாடப்பட்டது.

ஆய்வாளர் கருத்துகள்

இராஜராஜனின் ஆவணங்களைக் கொண்டு சோழ அரசு எத்தகையது என்பது பற்றி மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன. நீலகண்ட சாத்திரி, வலிமையான நடுவண் அரசும் தன்னாட்சி பெற்ற ஊர்ச் சபைகளும் ஒருங்கே இயங்கின என்று கருதினார். அமெரிக்க ஆய்வாளர் பர்ட்டன் சுடெயின் கி.பி. 1980-இல் வெளியிட்ட நூலில், சோழ அரசனின் அதிகாரம் காவிரிப் படுகைக்கு வெளியே பெரும்பாலும் சடங்கு வகையானது என்றும், உண்மையான அதிகாரம் நாடுகளிடமே இருந்தது என்றும் வாதிட்டார். நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களையும் அதிகாரிகளின் பட்டங்களையும் எண்ணிக்கை முறையில் ஆராய்ந்து, இராஜராஜன் காலத்திலிருந்து நடுவண் நிர்வாகம் உண்மையிலேயே வலுப்பெற்றது என்று காட்டினர்.

இவ்விவாதங்கள் அனைத்திற்கும் அடிப்படையாக அமைவன அரசனும் அவனிடம் கொடை பெற்றவர்களும் எழுதி வைத்த ஆவணங்களே. நிலம் இழந்தவர்கள், வரி செலுத்த இயலாதவர்கள், போரில் தோற்ற நாட்டு மக்கள் ஆகியோர் தாமே எழுதிய பதிவுகள் அவற்றில் இல்லை. விற்கப்பட்ட நிலத்தின் பட்டியலிலும், கழிக்கப்பட்ட சேரிகளின் கணக்கிலும், ஈழத்து ஊர்கள் அனுப்ப வேண்டிய எண்ணெயின் அளவிலும் அவர்களைத் தேடிக் காண வேண்டியுள்ளது. தன் புகழ் நிலைக்க வேண்டும் என்று இராஜராஜன் பொறிக்கச் செய்த கணக்குகள், அவனுடைய அரசை ஆராயவும் மதிப்பிடவும் பின்வந்தோருக்குச் சான்றுகளாக அமைந்துள்ளன.